தூக்கிக் கட்டிய ரப்பர்

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
21.11.1993

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் உங்கள் மச்சாள் கௌசியும் சுகம். கௌசிக்குப் போன கிழமை தடிமன் பிடித்து இப்போது மாறிவிட்டது. நீங்களும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே நோர்வேயில் சூரியன் போய்விட்டதா, இன்னும் எட்டிப் பார்க்கிறதா? தை நடுப்பகுதி வரை அது வராது என்று நான் சொன்னால் இங்கே ஒருவரும் நம்புகிறார்களில்லை.

முதலில் நல்ல செய்தி. இரண்டு வருடமாகக் கோப்பை கழுவியதும் பெட்டி மடித்ததும் முடிந்தது. ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் ஒரு கராச்சில் வேலை கிடைத்திருக்கிறது. கோடையில் புல்வெட்டும் மெசின் திருத்துவார்கள். பனிக்காலத்தில் ஸ்னோமொபில். நீங்கள் அங்கே ஸ்கூட்டர் என்று எழுதுவீர்களே, அதேதான். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்குச் சுற்றும் ரப்பர்ப் பட்டி. முதலாளியின் பெயர் வோல்ட்டர். மெக்கானிக் றொன் பதினாறு வருடமாக அங்கேயே இருக்கிறான். நான் கூட்டுகிறேன், கழுவுகிறேன், கேட்ட நட்டுச் சாவியை எடுத்துக் கொடுக்கிறேன். நெல்லியடியில் பத்து வருடம் சொந்தக் கராச் வைத்திருந்தவன், பெற்றோல் இல்லாத காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடப்பண்ணியவன், இங்கே விளக்குமாறு பிடிக்கிறேன். அதைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் எழுதவில்லை.

கராச்சில் மெசினை ஏற்றித் திருத்த மூன்று மேடை. ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது. ஐரீன் என்ற அம்மாவின் மஞ்சள் மெசின் ஒன்று வந்து நிற்கிறது. அவவுக்கு அறுபத்துமூன்று வயது, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவ. ஊர்க் கிளப்புக்காகப் பனிப்பாதைகளைச் சுற்றிப் பார்ப்பது அவவின் வேலை. மெசினுக்கு இரண்டு குறை. எஞ்சின் கொதிக்கிறது என்று சிவப்பு விளக்கு எரிகிறது. கைபிடியைச் சூடாக்கும் கம்பி வேலை செய்யவில்லை. வேறு இரண்டு இடத்தில் பார்த்துச் சரிவரவில்லை. றொன் தண்ணீர்ப் பம்பை மாற்றினான், சூட்டைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்டாட்டை மாற்றினான், விளக்கு இன்னும் எரிகிறது. வோல்ட்டர் பகிடியாகவோ உண்மையாகவோ என்னிடம் சொன்னார், நான் அதைத் திருத்தினால் அந்த மூன்றாவது மேடை எனக்காம், சுவரில் என் பெயரும் எழுதுவாராம்.

அக்கா, அந்தப் பெயர் எனக்கு வேண்டும்.

கைபிடிக்கு அடுப்பு வைத்திருப்பதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அது கிடக்கட்டும், எஞ்சின்தான் முக்கியம். மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ரேடியேற்றரைக் காணவில்லை. றொன்னிடம் கேட்க மனம் வரவில்லை. உங்கள் மெசினில் அது எங்கே இருக்கிறது? நான் கேட்டதை அத்தானுக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புத் தம்பி,
சிவபாதம்


போட்ஸ்ஃபியோர்ட், நோர்வே
3.12.1993

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே இரண்டு பேரும் நடமாட்டமாக இருக்கிறோம். அத்தானுக்கு மீன் பெட்டி தூக்கி முதுகு கொஞ்சம் பிடித்திருக்கிறது, நல்லெண்ணெய் பூசி விடுகிறேன். சூரியன் போய்ப் பத்து நாள். மத்தியானத்தில் வானம் கொஞ்சம் நீலமாகும், பிறகு அதுவும் இல்லை. கௌசியைத் தலையை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சின்ன வயதில் என் சைக்கிள் செயின் கழன்றால் பொம்பிளைப் பிள்ளை தொடக்கூடாது என்று பறித்துக்கொண்டு போனவன், மெசினைப் பற்றி என்னிடம் கேட்கிறான். இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று யோசித்தேன். பயப்படாதே, அத்தானுக்குச் சொல்லவில்லை.

ரேடியேற்றர் முன்னால் இல்லை. நீ தேடிய இடம் பிழை. இருக்கைக்குக் கீழே, பட்டி ஓடும் கூட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார். கூரையோடு ஒட்டி நீளத் தகடு இருக்கும். எஞ்சினில் சுற்றும் தண்ணீர் அதற்குள்ளே வந்து போகும். பட்டி சுற்றும்போது பனியை வாரி மேலே எறியும், பனி தகட்டில் பட்டு உருகும், தண்ணீர் குளிரும். வெறும் ஐஸ் கட்டிக்கு மேலே கனநேரம் ஓடினால் எறியப் பனி இல்லாமல் எஞ்சின் கொதிக்கும். நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு குளம் இருக்கிறது, அதைக் கடந்தவுடன் வேண்டுமென்றே மெத்தென்ற பனிக்குள் விட்டு ஓட்டுவேன். எங்கள் வீட்டுக்கு வரும் வீதியைப் பனிக்காலத்தில் பூட்டிவிடுவதால் எனக்கு ஸ்கூட்டர்தான் கால்.

அடுத்தது, கைபிடியைப் பார்த்துச் சிரிக்காதே. போன வருடம் என்னுடையது பழுதாகி ஒரு காலை முழுவதும் அது இல்லாமல் ஓடினேன். பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று தலை சொல்கிறது, விரல் கேட்கவில்லை. மீன் காயவைக்கும் மரச்சட்டத்தில் போய் மோதினேன். அறுபத்துமூன்று வயது மனுசிக்கு எஞ்சினைவிடக் கைபிடிதான் முதல் தேவை. அதை முதலில் பார்.

உன் பெயர் அந்தச் சுவரில் ஏறும். எனக்குச் சந்தேகமில்லை.

அன்புடன்,
அக்கா அருள்நாயகி


ரெக்ஸ்டேல்
18.12.1993

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நல்ல சுகம், அதிலும் நான் மிக நல்ல சுகம். அத்தானின் முதுகு எப்படி? கௌசி தொப்பி போடுகிறாள், நீங்கள் சொன்னதால் அல்ல, காது விறைத்ததால்.

பிடித்துவிட்டேன் அக்கா. நீங்கள் சொன்னபடி கைபிடியில் தொடங்கினேன், அதுதான் வழியைக் காட்டியது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் தலையில் உள்ளங்கையை வைத்தேன். றொன் சிரித்தான். அவனிடம் சூடு அளக்க ஒரு கருவி இருக்கிறது, எடுக்கச் சோம்பல். காய்ச்சல்காரனின் நெற்றியைப் பார்ப்பதுபோல மூன்று தரம் வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. சுடாத எஞ்சினுக்கு விளக்கு எரிகிறதென்றால் பொய் சொல்வது விளக்கு. பிறகு கைபிடியை இடப்பக்கம் திருப்பினேன், விளக்கு எரிந்தது. வலப்பக்கம் திருப்பினேன், அணைந்தது. திருப்பும் தண்டுக்குக் கீழே வயர்க் கட்டு இரும்போடு உரசி உரசித் தோல் போயிருக்கிறது. விளக்கு வயர் இரும்பில் முட்டுகிறது. அதே கட்டுக்குள் ஓடும் கைபிடி வயர் அறுந்துபோயிருக்கிறது. இரண்டு குறையல்ல, ஒரே குறை. மூன்று கராச் தேடியதை நான் உள்ளங்கையால் கண்டுபிடித்தேன். இதைப் புழுகு என்று நினைத்தால் நினையுங்கள், நான் நிறுத்தப் போவதில்லை.

புது வயர் போட்டு, மேலே குழாய் உறை போட்டு, மெசினைத் துடைத்து மினுக்கினேன். பின்னால் ஒரு தடித்த ரப்பர் நிலத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஊரில் மாரி மழைக்குச் சேறு அடையாமல் மோட்டார் சைக்கிளின் மட்காட் ரப்பரைத் தூக்கிக் கட்டுவோமே, அதுபோல வடிவாக மடித்துக் கம்பியால் கட்டிவிட்டேன். இங்கே ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை.

ஐரீன் அம்மா வந்து கையுறையைக் கழற்றிவிட்டுக் கைபிடியைப் பிடித்துப் பார்த்தா. கொஞ்ச நேரம் கையை எடுக்கவேயில்லை. அவவின் விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதை நான் அப்போதுதான் கண்டேன். வோல்ட்டர் என் தோளில் தட்டி, புது வருடம் பிறக்கும்வரை இது திரும்பி வராவிட்டால் மேடை எனக்கு என்றார். றொன் தன் கோப்பியைக் குடித்தான்.

அக்காவும் ஒரு மெக்கானிக்தான் என்று கௌசியிடம் சொன்னேன். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அன்புத் தம்பி,
சிவபாதம்


போட்ஸ்ஃபியோர்ட்
29.12.1993

அன்புத் தம்பிக்கு,

எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. அத்தான் நிமிர்ந்து நடக்கிறார். பிறக்கப்போகும் வருடம் உனக்கும் கௌசிக்கும் நல்லதாக அமையட்டும்.

உன் கடிதத்தை மீன் ஆலைச் சாப்பாட்டு அறையில் சத்தமாக வாசித்தேன். இங்கே இருபது தமிழர் வேலை செய்கிறோம், எல்லோருக்கும் இப்போது நீ யார் என்று தெரியும். தம்பி வயரைக் கண்டுபிடித்த கதையை ஒரு நோர்வேக்காரனுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் உள்ளங்கையைத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தான். எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை.

ஒரே ஒரு விசயம். அந்த ரப்பரை உடனே இறக்கிவிடு. அது சேறு படாமலிருக்க வைத்ததல்ல. பட்டி வாரி எறியும் பனி பின்னால் பறந்துபோகாமல் தடுத்துத் தகட்டுக்குத் திருப்பி விடுவது அதுதான். தூக்கிக் கட்டினால் எஞ்சின் உண்மையாகவே கொதிக்கும். ஐரீன் அம்மா தூரம் போகமுன் நீயே போய்க் கம்பியை வெட்டிவிடு. சொன்னால் ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள்.

உன் கடிதத்தில் ரப்பரைக் கட்டிய இடத்தை மட்டும் நான் சாப்பாட்டு அறையில் வாசிக்கவில்லை.

அன்புடன்,
அக்கா


ரெக்ஸ்டேல்
16.1.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தையும் அத்தானின் நலத்தையும் அறிய ஆவல். முந்தநாள் பொங்கினோம். வெளியே பொங்க முடியாது, குசினியில் பொங்கிப் புகை மணி அடித்து மேல்வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். இந்தக் கிழமைக் குளிரைப்போல இங்கே பலரும் கண்டதில்லையாம். காரின் கதவு திறக்க அரை மணித்தியாலம் எடுக்கிறது.

மேடை எனக்குக் கிடைத்துவிட்டது. சுவரில் நீல எழுத்தில் பெயர் எழுதியிருக்கிறது. வோல்ட்டர் சிவா என்று மட்டும் எழுதப் பார்த்தார், நான் முழுப் பெயரையும் எழுதச் சொன்னேன். ஆங்கிலத்தில் பத்து எழுத்து, சுவர் கொள்ளுமட்டும் போகிறது. படம் பிடித்து அனுப்புவேன்.

ஐரீன் அம்மாவின் மெசின் ஏழாம் திகதி ஒரு தரம் திரும்பி வந்தது. பாதையில் கொதித்து நின்றுவிட்டது. அவ இரண்டு மைல் நடந்து வந்தா. விரல் நுனி வெளிறிப்போய் இரண்டு நாள் கட்டுப் போட்டிருந்தா, ஆபத்து ஒன்றுமில்லையாம். வோல்ட்டர் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, றொன் போட்ட தேமோஸ்டாட் சரியில்லை என்றார். புதிது ஒன்று போட்டு ஓடிப் பார்த்தோம், இப்போது கொதிப்பதில்லை. றொன்னைப் பின்கொட்டிலுக்கு அனுப்பிவிட்டார். புல்வெட்டும் தகடு தீட்டுவது அவன் வேலை, வேலை நாளும் குறைந்து கிழமைக்கு மூன்றாகிவிட்டது.

கௌசிக்கு மில்லிக்கன் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாள் பஸ் மாறி ஏறி, போய்ச் சேரமுன்பே கடை முதலாளிக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டாள். இப்போது ஒழுங்காகப் போகிறாள். உங்களுக்கு மிளகாய்த்தூள் பொதி செய்து வைத்திருக்கிறோம், அடுத்த கிழமை தபாலில் போடுவோம். வேறு விசேடம் இல்லை.

அன்புத் தம்பி,
சிவபாதம்


போட்ஸ்ஃபியோர்ட்
28.1.1994

அன்புத் தம்பிக்கு,

சுகம். போன கிழமை சூரியன் வந்தது. மலைக்கு மேலே ஒரு கீற்றுத்தான், ஆலையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வெளியே போய்ப் பார்த்தோம். கௌசிக்கு வேலை கிடைத்ததையிட்டுச் சந்தோசம்.

உன் பெயர் சுவரில் ஏறியதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பிறகு கடிதத்தை மறுபடி வாசித்தேன். பொங்கல், புகை மணி, காரின் கதவு, பஸ், மிளகாய்த்தூள் எல்லாம் எழுதியிருக்கிறாய். போன மாதம் இருபத்தொன்பதில் நான் எழுதியது கிடைத்ததா என்று மட்டும் எழுதவில்லை. கிடைக்கவில்லை என்றால் கடிதம் வரவில்லை என்று எழுதியிருப்பாய். நீ அப்படிப்பட்டவன்.

றொன்னுக்கு எத்தனை வயது? வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நான் உன்னை விசாரிக்கத் தகுதியில்லாதவள். அதனால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ரப்பரைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று நீ யோசிக்கவில்லையா? எண்பத்தொன்பதாம் வருடம், எங்கள் முதல் ஸ்கூட்டர். அத்தான் ஆசைப்பட்டு வாங்கியது. வந்த இரண்டாம் நாள் பின்னால் ரப்பர் இழுபடுவதைப் பார்த்துவிட்டு அதைத் தூக்கிக் கட்டியவள் நான். எங்கள் வீட்டு முற்றத்தில் மாரிக்கு அப்பா எல்லாச் சைக்கிளுக்கும் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஒரு கிழமைக்குள் எஞ்சின் கொதித்துப் புகைந்து செத்தது. நான் கட்டியதால் வந்த வினை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரகசியமாக அவிழ்த்துவிட்டேன். பிறகு எல்லோருக்கும் முன்னால் அத்தானைப் பார்த்து, பழுதுச் சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள், உங்களுக்குப் பார்த்து வாங்கத் தெரியாது என்று சொன்னேன். அன்றிலிருந்து ஆலையில் எது புகைந்தாலும் அத்தானின் பெயரைச் சொல்லி, குலசிங்கம் தொட்டது என்று பகிடி. கல்யாண வீட்டில்கூடச் சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தேத்தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கேத்தில் வாங்குவதென்றாலும் என்னைத்தான் கேட்பார்.

நாலு வருடமாகிவிட்டது. நான் இன்னும் சொல்லவில்லை. இதை வாசிக்கும் முதல் ஆள் நீ.

அதனால்தான் தம்பி, உனக்கு எழுதுகிறேன். நாலு கிழமையில் சொல்வது கஷ்டம். நாலு வருடத்தில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா


ரெக்ஸ்டேல்
12.2.1994

அக்காவுக்கு,

சுகம். கடிதம் கிடைத்தது. முந்தியதும் கிடைத்தது.

எனக்கு இந்த நாட்டில் முதன்முதலாக ஒரு மேடை கிடைத்திருக்கிறது. காலையில் போனால் என் பெயரைப் பார்த்துக்கொண்டு வேலை தொடங்குகிறேன். அதை நானே அழிக்க வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் நாலு வருடம் மூடிவைத்ததை நான் ஒரு மாதத்தில் திறக்க வேண்டுமாம். முதலில் நீங்கள் அத்தானுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். அதன்பிறகு புத்தி சொல்லலாம்.

றொன்னுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் யார் என்று கேட்கவில்லை.

சிவபாதம்


போட்ஸ்ஃபியோர்ட்
13.3.1994

அன்புத் தம்பிக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. கோபத்தில் மூன்று எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். நீயும் கௌசியும் சுகமாக இருக்க வேண்டும்.

அத்தானுக்குச் சொல்லிவிட்டேன். வீட்டில் தனியாகச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். பிறகு யோசித்தேன். அவமானம் எல்லோருக்கும் முன்னால் நடந்தது, திருத்தம் மட்டும் குசினிக்குள் நடக்கலாமா? வியாழக்கிழமை சாப்பாட்டு அறையில் கோப்பி மெசின் புகைந்தது. வழக்கம்போல ஒருவர் தொடங்கினார். நான் எழும்பி நின்றேன். அந்த ஸ்கூட்டரை எரித்தது நான்தான், அவர் வாங்கியது நல்ல மெசின், நாலு வருடமாக நான் வாய் திறக்கவில்லை என்று தமிழிலும் சொன்னேன், நோர்வே மொழியிலும் சொன்னேன்.

அத்தான் சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே போனார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"நான் பார்த்து வாங்கத் தெரியாதவன் எண்டு நானே நம்பிப் போனன், அருள்."

அதைக் கேட்டதிலிருந்து என்னால் சாப்பிட முடியவில்லை. மூன்று நாளாக அவர் என்னோடு கதைக்கவில்லை. கதைக்காமல் இருக்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் நெஞ்சு நேராக இருக்கிறது தம்பி. அப்படி இருந்து கனகாலம்.

நீ கேட்டதற்காக நான் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டும் என்பதற்காகவும் சொல்லவில்லை. நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் என் தம்பிதான். கௌசிக்கு அன்பு.

அக்கா


ரெக்ஸ்டேல்
13.3.1994

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அப்படி எழுதியதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் இருவரின் சுகத்தையும் ஒரு வரியில் என்றாலும் எழுதுங்கள்.

நீங்கள் அத்தானுக்குச் சொன்னீர்களோ இல்லையோ, அது உங்கள் பாடு. நான் சொல்லிவிட்டேன்.

நடந்ததை முழுதாக எழுதுகிறேன். மெசின் திரும்பி வந்தது ஏழாம் திகதி. உங்கள் கடிதம் கைக்கு வந்தது பத்தாம் திகதி. பதினோராம் திகதி காலை வோல்ட்டர் வரமுன் நான் போய்க் கம்பியை வெட்டி, ரப்பரை இறக்கி, வெட்டிய துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அதன்பிறகு அவர் தேமோஸ்டாட்டைக் கையில் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். றொன் என்னைப் பார்த்தார். அவருக்கு ஏதும் தெரிந்திருந்ததா என்று தெரியாது. நான் குனிந்து சாவி பொறுக்கினேன்.

நீங்கள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. வீட்டில் யார் என்று போன கிழமை கேட்டேன். மனைவிக்கு நடக்க ஏலாதாம். வேலை நாள் குறைந்ததில் ஒரு நன்மை, அவவோடு கூட நேரம் இருக்கலாம் என்று சொன்னார். குறை சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை வோல்ட்டரைப் பின்கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், றொன்னுக்கு முன்னால் சொன்னேன். ரப்பர், கம்பி, வெட்டியது எல்லாம். வோல்ட்டர் பிழைக்குக் கோபப்படவில்லை. யாரும் விடக்கூடிய பிழை என்றார். இரண்டு மாதம் வாயை மூடியிருந்ததற்குத்தான் சத்தம் போட்டார். மேடை போய்விட்டது. பெயருக்கு மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்த தூரிகையை நானே பிடித்தேன், அவர் கேட்கவில்லை. றொன் தன் மேடைக்குத் திரும்பிவிட்டார். தகடு தீட்டுவது இனி நான். றொன் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

நேற்று ஐரீன் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கதவடியில் நின்றே சொன்னேன். அவ கேட்டுவிட்டு, விரல்களை எனக்குக் காட்டினா. தோல் உரிந்து புதுத் தோல் வந்திருக்கிறது. இரண்டு வருடத்தில் கை நோகாமல் ஓடியது அந்த மூன்று கிழமைதான், கைபிடியைத் திருத்தியதும் நீதானே, அதையும் சேர்த்துச் சொல்லு என்றா.

அதனால் சேர்த்துச் சொல்கிறேன் அக்கா. வயரைக் கண்டுபிடித்தவனும் நான்தான், ரப்பரைக் கட்டியவனும் நான்தான். இரண்டையும் என் வாயால் சொல்லிவிட்டேன். தகடு தீட்டுகிறேன், தலை குனியவில்லை.

அன்புத் தம்பி,
சிவபாதம்


போட்ஸ்ஃபியோர்ட்
25.3.1994

அன்புள்ள சிவபாதத்துக்கு,

அத்தான் எழுதுவது. உம்முடைய சுகத்துக்கும் கௌசியின் சுகத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன். நான் கடிதம் எழுதும் ஆள் இல்லை என்று உமக்குத் தெரியும். உம்முடைய கடிதமும் உம்முடைய அக்கா எழுதியதும் ஒரே திகதி. இரண்டும் கடலுக்கு மேலே எங்கேயோ ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. அதைக் கண்டவுடன் அவ வாசலிலேயே இருந்து அழுதா. நான்தான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். இப்போது கதைக்கிறோம்.

கீழே உள்ளது உமக்கல்ல, றொன்னுக்கு. எனக்கு ஆங்கிலம் காணாது. நீர் மொழிபெயர்த்து அவருக்கு வாசித்துக் காட்டும். ஒரு வரியும் விடக்கூடாது.

றொன் அவர்களுக்கு, நான் சிவபாதத்தின் அக்காவுடைய கணவன். உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. அதே ரப்பர், அதே வீட்டுப் பிள்ளைகள். உங்களுக்கு இரண்டு மாதம், எனக்கு நாலு வருடம். உண்மை தெரிந்த முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் நாள் இன்னும் கூட வந்தது. ஐந்தாம் நாள் கடைக்குப் போய், ஒருவரையும் கேட்காமல் ஒரு கேத்தில் வாங்கினேன். நல்ல கேத்தில். இந்தக் குடும்பத்து ஆட்களுக்கு எடுப்பும் தலைக்கனமும் அதிகம். பிழையை ஒத்துக்கொள்ள நாளெடுப்பார்கள். ஆனால் ஒத்துக்கொள்ளும்போது ஒருவரும் பிடித்துத் தள்ளாமல், எல்லோரும் பார்க்க எழும்பி நின்று ஒத்துக்கொள்வார்கள். அப்படி எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? அவசரமில்லை, ஆறுதலாக யோசியுங்கள். உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
குலசிங்கம்


ரெக்ஸ்டேல்
9.4.1994

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நாங்கள் சுகம். பனி கரையத் தொடங்கிவிட்டது. புல்வெட்டும் மெசின்கள் வரிசையாக வந்து நிற்கின்றன.

அத்தான், ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். சாப்பாட்டு நேரம், றொன் வாளியைக் கவிழ்த்துவைத்து அதில் இருந்தார். எடுப்பு என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தெரியாமல் நெஞ்சை நிமிர்த்தி நடந்து காட்டினேன். கேத்தில் வந்த இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னார். நாலு வருடமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

பிறகு கடிதத்தைக் கேட்டார். தமிழில் இருக்கிறது, உங்களுக்கு ஒரு எழுத்தும் விளங்காது என்றேன். தெரியும் என்று சொல்லிவிட்டு, அதை மடித்து நெஞ்சுப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். மனைவிக்குக் காட்ட வேண்டுமாம், ஒரு கேத்தில் வாங்கிய ஆளின் கையெழுத்து என்று.

எழும்பிப் போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார், தன் மேடையில் ஒரு மெசின் ஏன் சுடுகிறது என்று தெரியாமல் நிற்கிறதாம், நான் வந்து கையை வைத்துப் பார்க்கட்டாம்.

அன்புள்ள,
சிவபாதம்